வயிற்றெரிச்சலியல்: சிறுநகர் பேஸ்பால் ரசிகரின் வகையும் தொகையும்

பாயிரம்

பாயிரம் சொல்லாமல் நூலைத் தொடங்கினால் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே முதலில் எல்லை. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில் ஏழை என்று ஊரார் சொல்பவையும், ஏழை என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்பவையும் இந்நூலின் நிலம். வடக்கே மினியாபொலிஸ், கிழக்கே பிட்ஸ்பர்க், தெற்கே பெருநகரில் இருந்துகொண்டே சிற்றூர் வாழ்க்கை வாழக் கற்ற மயாமி. வடக்கில் ஒருகாலத்தில் மொன்றியல் என்றும் ஒரு நிலம் இருந்தது. 1994இல் அந்த அணி 74 வெற்றி, 40 தோல்வியோடு லீகிலேயே முதலிடத்தில் நின்றபோது வேலைநிறுத்தம் வந்து சீசனையும் உலகத் தொடரையும் விழுங்கியது. அடுத்த ஆண்டு ஆட்டம் தொடங்குமுன்பே நல்ல வீரர்களை விற்றுத் தீர்த்தார்கள். 2005இல் அணியே வாஷிங்டனுக்குக் குடிபோயிற்று. மேற்கெல்லையான ஓக்லண்டை 2024இல் கடல்கொண்டது. அந்தக் கடலின் பெயர் லாஸ் வேகஸ், பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே ஸ்டேடியம் எழும்பும்வரை அணி வெஸ்ட் சாக்ரமெண்டோவில், கீழ்நிலை லீக் அணி ஒன்றின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்கிறது.

நுதலிய பொருள்: வயிற்றெரிச்சல். கேட்போர்: வயிறுடையோர். பயன்: அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கனுள் பொருள் மட்டும். அதுவும் பிறருடையது.

முதலாவது, பொருளியல்

உள்ளோன் வாங்கும்; இல்லோன் வளர்க்கும்;
வளர்த்ததை உள்ளோன் வந்துகொண் டேகும்.

இது சூத்திரம். இனி உரை. அமெரிக்கன் ஃபுட்பாலில் தொலைக்காட்சிப் பணம் பெரும்பாலும் லீகின் பொதுக் கல்லாவில் விழுந்து சமமாகப் பிரிகிறது. சம்பளத்துக்கு மீற முடியாத உச்சவரம்பும் உண்டு. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற ஊரின் அணி நியூயார்க்கோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பது அதனால்தான். நம் ஐபிஎல்லும் அந்தக் கட்சியே. 2025க்கான பெரிய ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே 120 கோடி ரூபாய்.

பேஸ்பாலில் உள்ளூர் ஒளிபரப்புப் பணம் அந்தந்த அணியின் மடியில் விழுகிறது. ஊர் பெரிதென்றால் மடியும் பெரிது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2013இல் ஒரு கேபிள் நிறுவனத்தோடு 25 ஆண்டுக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் 835 கோடி டாலர். மறுபக்கத்தில், 14 அணிகளின் உள்ளூர் ஒளிபரப்பைக் கையில் வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தது. அந்தப் பதினான்கில் சிறுநகரங்கள் பல.

சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு கோட்டைத் தாண்டினால் ஆடம்பர வரி மட்டும் உண்டு. 2025இல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். பணக்கார அணிகள் அதைச் சுங்கச்சாவடிக் கட்டணம் போலக் கட்டிவிட்டு வேகம் குறையாமல் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓதானி டாட்ஜர்ஸோடு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்தபின் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஓராண்டு கழித்து நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவை 15 ஆண்டுக்கு 76.5 கோடிக்கு எடுத்தது. 2025 சீசன் தொடங்கியபோது இவ்விரண்டு அணிகளின் சம்பளப் பட்டியலும் தலா 30 கோடியைத் தாண்டியிருந்தது. மயாமியின் பட்டியல் அதில் கால்பங்குகூட இல்லை. 2015இல் கேன்சஸ் சிட்டி கோப்பையைத் தூக்கியது. அதன்பின் 2025 வரை எந்தச் சிறுநகரும் தூக்கவில்லை.

இதுவரை சொன்னதில் எல்லா உரைகாரரும் ஒத்துப்போவார்கள். சண்டை இனிமேல்தான். ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருவாயில் 48 விழுக்காட்டைப் பொதுக்குளத்தில் ஊற்ற வேண்டும். அதை முப்பது அணிகளும் சமமாக முகந்துகொள்ளும். ஏழைக்கு இது வரவு. வந்த பணம் ஆட்டத்தை மேம்படுத்தச் செலவாக வேண்டும் என்பது விதி. செலவாகிறதா? பிட்ஸ்பர்க், மயாமி, டாம்பா பே, ஓக்லண்ட் ஆகிய நான்கும் அப்படிச் செலவிடவில்லை என்று 2018 பிப்ரவரியில் வீரர்கள் சங்கமே முறையீடு செய்தது. ஆகவே இந்நூலின் மூல ஐயம் இது: தோற்பது இல்லாமையாலா, இருந்தும் கை நீளாமையாலா?

தீர்க்க வேண்டுமானால் மூல ஏடு வேண்டும். அணிகள் கணக்கேட்டை வெளியே காட்டுவதில்லை. பங்குச் சந்தையில் இருப்பதால் அட்லாண்டா காட்டுகிறது; அது சிறுநகர் அன்று. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் சுவடிகள் சில 2010 ஆகஸ்டில் கசிந்தன. தோல்வி மேல் தோல்வியாக வந்த 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அணி ஏறத்தாழ 2.9 கோடி டாலர் லாபம் பார்த்திருந்தது அவற்றால் தெரியவந்தது. சங்க நூல்களைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவருக்கு ஒரு சுவடி அகப்பட்டபோது வந்திருக்கக்கூடிய பரவசம் பிட்ஸ்பர்க் ரசிகருக்கு அன்றைக்கு வந்தது. படித்து முடித்தபின் போய்விட்டது.

இரண்டாவது, வகையியல்

ரசிகரை வகுப்பது எதனால்? நிறத்தாலா, தொப்பியாலா, குடிக்கும் பியராலா? கோபம் எங்கே பாய்கிறது என்பதால் வகுப்பதே முறை. அமைப்பைத் திட்டுவோர், உரிமையாளரைத் திட்டுவோர் எனத் தலையாய பகுப்பு இரண்டு. உட்பகுப்பு பல. ஒரே மனிதர் ஏப்ரலில் ஒன்றிலும் செப்டம்பரில் மற்றொன்றிலும் இருப்பார் என்பதால் கூட்டுத்தொகை எப்போதும் தலைக்கணக்கை மிஞ்சும். இது வகுத்தவர் குற்றமன்று.

முதற்கண் கணக்கர். இவர் ஆட்டம் பார்ப்பதைவிட ஒப்பந்தம் படிப்பது அதிகம். ஒரு சீசனில் 172 நாள் அணியில் இருந்தால் அது ஓராண்டுப் பணி. ஆறாண்டு நிறைந்தால் வீரன் சுதந்திரன், யாரிடமும் போகலாம். இந்த இரண்டு எண்ணும் கணக்கருக்கு நாள், நட்சத்திரம் போல மனப்பாடம். இவருடைய தற்காலத் துயரம் பால் ஸ்கீன்ஸ். 2023இல் முதல் ஆளாகத் தேர்வாகி பிட்ஸ்பர்க்குக்கு வந்த இந்தப் பிட்சரை நிர்வாகம் 2024 மே மாதம்வரை மேலே கொண்டுவரவில்லை. ஆனால் அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆகிவிட்டார்; விதிப்படி முழு ஆண்டுப் பணியும் அவர் கணக்கில் ஏறிவிட்டது. ஆக, 2029 சீசன் முடிந்தால் சுதந்திரன். 2025இல் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன் மட்டுமே கொடுத்து லீகின் மிகச் சிறந்த பிட்சர் என்ற சை யங் விருதை ஒருமனதாக வென்றார். அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றி 10, தோல்வி 10. பந்து போடுபவரே மட்டையும் பிடிக்க எல்லாரும் ஓதானி அல்லவே. அவர் அணி ரன் எடுக்கவில்லை. 10–10 என்ற இந்த வரி நிர்வாகத்தைப் பற்றி எழுதப்பட்ட எல்லாக் கட்டுரைகளையும்விடச் சுருக்கமானது, இதையும் சேர்த்து.

அடுத்தவர் நினைவர். இவர்களுக்கும் தலைநகர் பிட்ஸ்பர்க்தான். அங்கே விளைச்சல் அதிகம். அணி கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979. கடைசியாக வென்றிருக்க வேண்டியது 1992 என்பது இவர்கள் சித்தாந்தம். அந்த அக்டோபர் 14 அன்று அட்லாண்டாவில் தகுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், பிட்ஸ்பர்க் 2–0 என முன்னணி. பெயரே பலருக்குத் தெரியாத ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா அடித்த பந்தை இடப்பக்கத்தில் பேரி பாண்ட்ஸ் எடுத்து எறிய, முழங்கால் அறுவைகளால் ஓட்டமே மறந்துபோன சிட் ப்ரீம் இரண்டாம் பேஸிலிருந்து தட்டுத்தடுமாறி வந்து வீட்டைத் தொட்டுவிட்டார். 3–2. ப்ரீம் முன்னாள் பிட்ஸ்பர்க் வீரர்! சூத்திரத்தின் இரண்டாமடிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எந்த உரையிலும் இல்லை. அந்தக் குளிர்காலமே பாண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் தோல்விகளே மிகுதி. வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறெவர்க்கும் இல்லாத சாதனை. அந்த 20 ஆண்டில் பிறந்து, வளர்ந்து, கல்லூரிக்கும் போய்விட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நினைவு என்பது அப்பா சொன்னது மட்டுமே. இப்பிள்ளைகளை ‘வழிநினைவர்’ என்று தனியே பிரிக்கலாம் என்பாரும் உளர்.

நினைவருக்கு ஒரு கிளைச் சாதி: வழியனுப்புவோர். தன் பிள்ளை பிறர் வீட்டில் பெரியவனாவதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது இவர் தொழில். கெரிட் கோலை 2011இல் முதல் ஆளாகத் தேர்ந்து வளர்த்தது பிட்ஸ்பர்க்; 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. 2019இல் அவர் 326 பேரை மூன்று ஸ்டிரைக்கில் அவுட்டாக்கி 20 வெற்றி குவித்து, அந்த டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுக்கு 32.4 கோடி டாலருக்குப் போனார். ஊரே கொண்டாடிய ஆண்ட்ரூ மக்கட்சனும் அதே 2018 ஜனவரியில் விற்கப்பட்டார். உரிமையாளர் பாப் நட்டிங் அணியை விற்றுவிடச் செய்யுங்கள் என்று பல்லாயிரம் பேர் லீகுக்கு மனுப் போட்டது அந்த வாரத்தில்தான். கிளீவ்லண்டில் இவ்வகையார் இன்னும் வெளிப்படையாக உபதேசிக்கப்பட்டார்கள். ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் எவ்வளவு காலம் இருப்பார் என்ற கேள்விக்கு, இருக்கும்வரை அவரை ரசித்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட உரிமையாளர் பால் டோலன் 2019இல் பதில் சொன்னார். 2021 ஜனவரியில் லிண்டோர் நியூயார்க்கில் இருந்தார்.

நாற்றங்காலர் பற்றி நீட்ட வேண்டாம். இவர்கள் 19 வயதுப் பையன்களை வழிபடுவோர். அந்தப் பையன் மேலே வந்தவுடன் நாற்றங்காலர் மெல்ல வழியனுப்புவோராக உருமாறத் தொடங்குவார்.

பார்வையாளர் என்றொரு வகை உண்டு. பிட்ஸ்பர்க்கின் பி.என்.சி. பார்க் 2001இல் பெரும்பகுதி பொதுப்பணத்தில் எழுந்தது. ஆறு, பாலம், நகரத்தின் கட்டடங்கள் என அதைப்போல அழகான மைதானம் லீகிலேயே அரிது. வாணவேடிக்கை, தலையாட்டி பொம்மை, பாலத்தின் மேல் அந்தி. பார்வையாளர் நிறைவாக வீடு திரும்புகிறார். எந்த அணி வென்றது என்று வழியில் கேட்டால் யோசிப்பார். நிர்வாகம் எந்த ரசிகரை மிக விரும்பும் என்பதில் உரைகாரரிடையே கருத்து வேற்றுமை கிடையாது.

இனி வெளிநடப்போர். சட்டமன்றம் கண்ட தமிழருக்கு இவ்வகையை விளக்க வேண்டியதில்லை. 1999 ஏப்ரலில் கேன்சஸ் சிட்டி ரசிகர்கள் யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே செல்வத்தைப் பகிருங்கள் என்ற வாசகம் எழுதிய சட்டையோடு எழுந்து வெளியேறினார்கள். இது அமைப்பைத் திட்டும் வெளிநடப்பு. 2007 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்தார்கள்; இது உரிமையாளரைத் திட்டும் வெளிநடப்பு. அதில் ஒரு பகுதியினர் பின்பு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். டிக்கெட் வாங்கியாயிற்று, என்ன செய்வது?

ஓக்லண்ட் ரசிகர் இந்த இலக்கணத்தையே தலைகீழாக்கினார்கள். கூட்டமே வருவதில்லை, அதனால் ஊரைவிட்டுப் போகிறோம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2023 ஜூன் 13 அன்று, வெறிச்சோடிக் கிடந்து பழகிய கொலிசியத்துக்கு 27,759 பேர் வந்து உட்கார்ந்தார்கள். பச்சைச் சட்டையில் ஒரே சொல்: ‘விற்றுவிடு’. உரிமையாளர் ஜான் ஃபிஷரை நோக்கிய உள்நடப்பு இது. அணியும் அன்று டாம்பா பேயை 2–1 என வென்று தொடர்ந்து ஏழாவது வெற்றியைப் பெற்றது. அதே நாளில் நெவாடா மாநில மேலவை, லாஸ் வேகஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் விளைவு ஒன்றாயிருந்ததால், வெளிநடப்பு, உள்நடப்பு இரண்டையும் ஒரே வகையாக வைத்தேன்.

தோற்றது கண்டும் தொடர்வது ரசிகம்;
தொடர்வது கண்டு துயில்வது நிர்வாகம்.

இந்தச் சூத்திரத்துக்கு உரிய வகை, எங்கும் போகாதார். இதற்கு உரை எழுதும் பேறு எனக்குக் கிட்டவில்லை. சின்சினாட்டி ரெட்ஸின் தலைவர், உரிமையாளரின் மகன், ஃபில் காஸ்டெல்லினி 2022 ஏப்ரலில் முந்திக்கொண்டார். நல்ல வீரர்களை அனுப்பிவிட்டுச் சொந்த மைதானத்தில் சீசனைத் தொடங்கும் நாள். ரசிகர்கள் ஏன் நம்பிக்கை வைக்க வேண்டும் என்று வானொலியில் கேட்டார்கள். சரி, எங்கே போவீர்கள் என்று திருப்பிக் கேட்டார் அவர். அன்றே மன்னிப்பும் கேட்டார். அணி அந்த சீசனின் முதல் 25 ஆட்டங்களில் 22இல் தோற்றது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி கேள்வி என்ற அளவில் பிழையற்றது. சின்சினாட்டியில் பிறந்தவர் எங்கே போவார்? சோப்பு பிடிக்கவில்லையென்றால் வேறு சோப்பு, அணிக்கு அப்படியில்லை. அகப்பொருள் இலக்கணத்தில் இந்நிலைக்கு இடம் தேடினால் ஒருதலைக் காமமாகிய கைக்கிளை என்பார் ஒரு சாரார். பொருந்தாக் காமமாகிய பெருந்திணை என்பார் மற்றொரு சாரார். ஆண்டுச் சந்தா டிக்கெட் வாங்கியவர் பெருந்திணை, வாங்காதவர் கைக்கிளை எனக் கொள்க.

ரகசியமாக டாட்ஜர்ஸுக்கும் கைதட்டுவோர் ஒரு வகை. நாகரிகம் கருதி விரிக்கவில்லை.

மூன்றாவது, ஒழிபியல்

வகுத்து முடித்தபின் எந்தப் பெட்டியிலும் அடங்காமல் சில அணிகள் மீந்தன. அவற்றை ஒளித்துவைக்க முயன்றேன், முடியவில்லை.

டாம்பா பே அவற்றுள் கொடியது. அது பிட்ஸ்பர்க்கைவிடக் கைச்சுருக்கமான அணி. 2018 ஜூலை 31 அன்று பிட்ஸ்பர்க், கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை டாம்பா பேயிடமிருந்து வாங்க டைலர் கிளாஸ்நோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் கொடுத்தது. ஆர்ச்சர் சோபிக்கவில்லை, கொடுக்கப்பட்டவர்கள் சோபித்தார்கள். இங்கே ஏழையைக் கொள்ளையடித்தவன் இன்னும் ஏழை. எந்த உச்சவரம்பும் இதைத் தடுத்திருக்காது. 2020இல் டாம்பா பே உலகத் தொடர்வரை போயிற்று. தன் நிர்வாகத்துக்கு இல்லாதது பணம்தான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருந்த பிட்ஸ்பர்க் ரசிகரிடமிருந்து அந்த ஆறுதலையும் டாம்பா பே பறித்துக்கொண்டது. 2024 அக்டோபர்ப் புயலில் அதன் மைதானக் கூரை கிழிந்துபோக, 2025 சீசனை யாங்கீஸ் தன் பயிற்சிக் காலத்துக்கென்று வைத்திருக்கும் மைதானத்தில் ஆடியது. ஏழையின் வீட்டுக்கூரை போனால் ஒதுங்குவதும் பணக்காரர் திண்ணையில்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒழுங்கு இல்லை. மெட்ஸ் 2023இல் அதுவரை யாரும் கொடுக்காத அளவு சம்பளம் கொடுத்து 87 ஆட்டம் தோற்றது. சிகாகோ போன்ற மாநகரில் இருந்துகொண்டு வைட் சாக்ஸ் 2024இல் 121 தோற்றது. டென்வரின் ராக்கீஸ், தன் தலைசிறந்த வீரர் நோலன் அரெனாடோவை 2021இல் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பும்போது ஏறத்தாழ 5 கோடி டாலரையும் கட்டிக்கொடுத்தது, சீர்வரிசையோடு போனார். 2025இல் ராக்கீஸ் 119 ஆட்டம் தோற்றது. இவர்கள் இல்லாதவர் அல்லர், ஈயாதவரும் அல்லர். செலவழிக்கத் தெரியாதவர். இவர்களைத் திட்டும் ரசிகரை எந்தப் பெட்டியில் போடுவது?

ஆகவே பணம் பொருட்டல்ல என்று முடித்துவிடலாம் என்றால் மில்வாக்கி வந்து நிற்கிறது. நிர்வாகத்தில் குற்றம் காண முடியாத சிறுநகர் அணி. நல்ல பிட்சர்களை உரிய காலத்தில் விற்றும், மேனேஜரையே 2023இல் அண்டையூர் சிகாகோ கப்ஸ் அதிகச் சம்பளத்துக்குக் கொத்திக்கொண்டு போன பின்னும், 2025இல் 97 வெற்றி. முப்பது அணிகளிலும் அதுதான் அதிகம். வழக்கமான சீசனில் டாட்ஜர்ஸை ஆறு முறை சந்தித்து ஆறிலும் வென்றிருந்தது. அக்டோபரில் அதே டாட்ஜர்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. கடைசி ஆட்டத்தில் ஓதானி ஆறு இன்னிங்ஸுக்கு மேல் பந்து போட்டு 10 பேரை மூன்று ஸ்டிரைக்கில் அவுட்டாக்கி ஒரு ரன்னும் கொடுக்காமல், மட்டையைப் பிடித்து மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். மில்வாக்கியின் இந்த அணி இதுவரை உலகத் தொடரை வென்றதே இல்லை. அந்த இரவில் அதன் ரசிகருக்குத் திட்ட ஆளில்லை. உரிமையாளர் ஒழுங்கு, மேனேஜர் ஒழுங்கு, பையன்கள் ஒழுங்கு. பிட்ஸ்பர்க் ரசிகருக்கு இருக்கும் வசதி அவருக்கு இல்லை.

என் துணிபு இது. ஏற்றத்தாழ்வு மெய், மில்வாக்கி அதற்குச் சாட்சி. ஆனால் நாற்பதாண்டு எரிவது அதனால் அன்று. இல்லாதவரை ரசிகர் மன்னிப்பார், அதுவும் எளிதில். தன் வீட்டுக்காரர் இல்லாதவரா, இல்லையென்று சொல்பவரா என்று கண்டுபிடிக்க வழியின்றிப் பெட்டி பூட்டியிருப்பதுதான் வயிற்றைக் காந்துகிறது. 2025இல் பிட்ஸ்பர்க்கின் முதல் சொந்த ஆட்டத்தில் ‘அணியை விற்றுவிடு பாப்’ என்ற பதாகையை இழுத்துக்கொண்டு விமானம் பறந்தது. அதே மாதம், மைதானத்தைச் சுற்றிப் பதிக்க ரசிகர்கள் தத்தம் பெயர் பொறித்துக் காசு கொடுத்த செங்கற்கள், பெயர்த்தெடுக்கப்பட்டு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்த படம் வெளியானது. செங்கல்லுக்கும் ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

புறனடை

வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரை. சம்பள உச்சவரம்பு என்ற சொல் அதனால் மீண்டும் ஊரெல்லாம் கேட்கிறது. உச்சவரம்பு வேண்டும் என்று அமைப்பைத் திட்டும் ரசிகர் சொல்வார். நட்டிங்கும் அதையே சொல்வார். இத்தனை காலம் தான் ஏசியவரின் தோளோடு தோள் நிற்கும் இந்நிலையை எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. ஆனால் ரசிகர் உச்சவரம்போடு நிற்பதில்லை. கீழ்வரம்பும் கேட்கிறார், இவ்வளவுக்குக் குறையாமல் செலவழித்தே தீரவேண்டும் என்று. 2021 ஆகஸ்டில் உரிமையாளர்கள் அதைத் தரத்தான் முன்வந்தார்கள்: ஒவ்வோர் அணிக்கும் 10 கோடி டாலர் கீழ்வரம்பு. கூடவே ஆடம்பர வரிக்கோட்டை 18 கோடிக்கு இறக்கவும் கேட்டார்கள். வீரர்கள் மறுத்தார்கள். கீழ்வரம்பைத் தனியாகத் தருவதாக உரிமையாளர்கள் இதுவரை சொன்னதில்லை.

ஒப்பந்தம் மாறினால் திருத்திய பதிப்பு வரும்.